அப்பாவுக்கு முழங்கால் வலி: நீலகிரியில் எந்தப் பூங்கா, எந்தக் காட்டுப் பாதை?

கேள்வி: மலர்விழி, தஞ்சாவூர்

அனைவருக்கும் வணக்கம். காலாண்டு விடுமுறையில் அப்பா, மகள், நான் மூவருமாக நீலகிரி வருகிறோம். நான்கு நாள் கையில் இருக்கிறது. அப்பா பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர், வயது 74. சமதரையில் நிதானமாக நடப்பார். படி என்றால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். வண்டோ இறகோ எது கண்ணில் பட்டாலும் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிடுவாள்.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் கொடுத்த பட்டியலில் தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, தேயிலைத் தொழிற்சாலை எல்லாம் ஒரே நாளில் அடங்கியிருக்கின்றன. அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதில் மரத்தை எப்போது பார்ப்பது?" என்று கேட்டார். அதோடு அந்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டேன்.

அப்பாவால் சிரமமில்லாமல் சுற்ற முடிகிற பூங்கா எது? பூங்காவோடு நிற்காமல் உண்மையான காட்டுக்குள் கொஞ்ச தூரமாவது நடக்க வழி உண்டா? எந்த ஊரில் தங்கினால் நல்லது? போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சொல்லுங்கள்.

பதில்: பவானிக்கரை, ஈரோடு

வணக்கம். முதலில் நடைமுறை விஷயம். சொந்தக் காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தால் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டம் முழுக்கத் தடை. சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் இருந்தால் கவலையில்லை.

குன்னூரிலிருந்து ஊட்டி வரை மலை ரயிலில் அப்பாவை அழைத்துப் போங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே மலையைப் பார்க்கலாம், கால் நோகாது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்த பாதை, 1908இல் ஊட்டி வரை நீண்டது. பல்சக்கரத் தண்டவாளமெல்லாம் குன்னூருக்குக் கீழேதான். இருந்தாலும் மேல் பகுதியிலும் கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனும் அழகு. டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால் ரோஜாப் பூங்காவையும் படகையும் விட்டுவிடாதீர்கள். குழந்தைக்குப் பிடிக்கும்.

பதில்: தோட்டக்காரர், குன்னூர்

அம்மா, உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நான் பூங்காக்களில் தோட்ட வேலை பார்த்து ஓய்ந்தவன். நாற்றங்கால், கவாத்து, மலர்க் காட்சிக்குத் தொட்டி அடுக்குவது என்று காலம் போனது. மக்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு ஒரு பூங்கா போதும். இரண்டாவது பூங்காவுக்குள் நுழையும்போது கண் களைத்துப் போயிருக்கும். எல்லாம் வெறும் பச்சையாகத்தான் தெரியும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் காலையில் கதவு திறந்தவுடன் போய்விடுங்கள். தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் சுமார் 22 ஹெக்டேரில் விரிந்திருக்கிறது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் 1848இல் பொறுப்பேற்று உருவாக்கியது. நுழைந்தவுடன் இருக்கிற கீழ்ப் பகுதிதான் ஓரளவு சமதரை. புல்வெளியும் பெரிய மரங்களும் அங்கேயே இருக்கின்றன. மேலே போகப் போக ஏற்றம். அப்பாவுக்குக் கீழ்ப் பகுதியே அரை நாளுக்குத் தாங்கும். புல்வெளியில் சில நேரம் கால் வைக்க விட மாட்டார்கள். மழையில் ஊறிய புல் மிதிபட்டால் தேறி வர வெகுநாளாகும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே தக்கை மரத்தைக் கேட்டுப் பாருங்கள். பட்டையில் ஆழமான பிளவுகள் ஓடும். விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் மரம்போல எதிர்த்து நிற்காது, கொஞ்சம் உள்வாங்கிக் கொடுக்கும். காகிதப்பட்டை மரமும் இருக்கிறது. அதன் பட்டை ஏடு ஏடாகப் பிரிந்து நிற்கும். உரித்துப் பார்க்க எல்லோருக்கும் கை வரும்; குழந்தையிடம் முன்பே சொல்லி வையுங்கள், உரிக்கக் கூடாது. கல்லாகிப்போன மரத்துண்டு ஒன்றும் உண்டு, 2 கோடி ஆண்டுப் பழமை என்பார்கள். உங்கள் அப்பா அங்கே நின்றுவிடுவார் என்று நினைக்கிறேன்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பூங்காவில் நீங்கள் வியந்து பார்க்கிற மரங்களில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. தக்கை மரம் மத்திய தரைக்கடல் பக்கத்தது, காகிதப்பட்டை ஆஸ்திரேலியா. அந்தக் காலத்தில் இதே மலையில் மலேரியா மருந்துக்கான சிங்கோனா வந்தது, யூகலிப்டஸ் வந்தது, வாட்டில் என்கிற சீகை மரம் வந்தது. சீகையும் யூகலிப்டஸும் பூங்காவுக்குள் அடங்கி நிற்கவில்லை. புல்வெளி மலைகளையே மூடிவிட்டன. பூங்காவை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினால் நீலகிரிக்குச் சொந்தமான மரத்தைப் பார்க்காமலே போகிறீர்கள். அது இருப்பது சோலையில், அதாவது இந்த மலைக்கே உரிய இயற்கைக் காட்டில். ஆகவே முதலில் பூங்கா, பிறகு சோலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் பெயர்ப் பலகை இருக்கிறது. அங்கே மரத்தின் தாவரக் குடும்பத்தைத் தெரிந்துகொண்டு போனால் சோலையில் அதன் தாயாதிகளை அடையாளம் காணலாம்.

பேத்திக்கு ஒரு வேலை கொடுங்கள். யூகலிப்டஸின் உதிர்ந்த இலை ஒன்றை, ரொம்பக் காயாததாகப் பார்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லுங்கள். ஊசியால் குத்தியதுபோலக் கண்ணாடிப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், அந்த வாசனை அங்கிருந்துதான் வருகிறது. காகிதப்பட்டை மரமும் அதே குடும்பம். சோலையில் இருக்கும் காட்டு நாவல்களும் அதே குடும்பம். மலைச்சரிவில் புதராக நிற்கிற தவிட்டுப் பழச் செடியும் அப்படியே. உங்கள் வீட்டுக் கொல்லையில் கொய்யா இருந்தால் அதன் இலையிலும் இதைப் பார்க்கலாம். கையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் தாத்தாவும் பேத்தியும் நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருப்பார்கள்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா எனக்கு இன்னும் நெருக்கமானது. 1874இல் தொடங்கியது, 12 ஹெக்டேர். அது ஒரு பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் இருக்கிறது. மேலே வாசல், அடியில் குளம். போகும்போது இறக்கமாக இருப்பதால் யாரும் யோசிக்க மாட்டார்கள். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். அப்பாவை மேல் மட்டப் பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலேயே பெரிய மரங்கள் ஏராளம். அங்கே ருத்திராட்ச மரம் இருக்கிறது. காய்த்திருந்தால் அடியில் நீலப் பழங்கள் கிடக்கும். அந்த நீலம் சாயம் அல்ல. தோலின் மேலடுக்கு ஒளியைத் திருப்புகிற விதத்தில் வருகிற நிறம். நசுக்கினால் விரலில் நீலம் ஒட்டாது. சதையை நீக்கினால் உள்ளே நாம் கழுத்தில் கட்டுகிற அதே கொட்டை. இந்த மரத்துக்கும் சோலையில் தாயாதிகள் உண்டு. பூ விழுந்திருந்தால் எடுத்துப் பாருங்கள், இதழ் நுனி நூல் நூலாகக் கிழிந்திருக்கும். பூத்த காலமாக இருந்தால் அதை வைத்தே உங்கள் அப்பா காட்டில் கண்டுபிடித்துவிடுவார்.

ரோஜாப் பூங்காவைப் பற்றி ஈரோட்டு நண்பர் சொன்னார். நல்ல பூங்காதான். 100வது மலர்க் காட்சியின் நினைவாக 1995இல் அமைத்தது, உலக ரோஜாச் சங்கக் கூட்டமைப்பின் விருதும் பெற்றது. ஆனால் எல்க் ஹில் சரிவில் ஐந்து அடுக்குகளாக இருக்கிறது. அடுக்கு என்றால் ஏறி இறங்கத்தான் வேண்டும். அப்பா அறையில் ஓய்வெடுக்கும் ஒரு மாலையில் நீங்களும் மகளும் போய் வாருங்கள்.

கேள்வி கேட்டவர்: மலர்விழி

ஐயா, மிக்க நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ருத்திராட்சப் பூவைப் பற்றிய வரி வந்ததும் குடும்பத்தின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பழைய ஹேண்ட் லென்ஸைத் தேட ஆரம்பித்துவிட்டார். சோலை என்றீர்களே, அது எங்கே? அனுமதி வேண்டுமா? அட்டைக்கடிக்கு மகள் பயப்படுகிறாள்.

பதில்: ஆசிரியை, கோத்தகிரி

தோட்டக்காரர் ஐயாவின் பேச்சைத் தட்டாதீர்கள். சோலைக்கு நான் வழி சொல்கிறேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர் அளவுதான். அதைச் சுற்றி வீடும் தேயிலையும் சாலையும் நெருங்கிவிட்டன. அப்படியும் உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் ஊர்ச் சத்தம் அடங்கிவிடும். கீழே இருக்கிற கிராமங்களுக்குத் தண்ணீர் தருவது இந்தக் காடு. மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையாகக் கசியவிடுகிறது. மரம் வெட்டுவதைத் தடுத்து இதைக் காப்பாற்ற உள்ளூர் மக்களே வனத்துறையோடு சேர்ந்து நின்றார்கள். அதனால் எங்களுக்கு இது வெறும் சுற்றுலா இடம் அல்ல. வனத்துறையிடம் அனுமதி பெற்று, காட்டைத் தெரிந்த உள்ளூர் ஆளோடுதான் போக வேண்டும்.

மாணவர்களோடு போகும்போது நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உள்ளே போனதும் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு தரையோடு ஒட்டிய புதரில் ஏதோ அசையும். கறுப்புத் தலை, கறுப்பு இறக்கை, மற்றதெல்லாம் ஆரஞ்சு நிறம். குருவியைவிடச் சிறியதாக ஒரு ஈப்பிடிப்பான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது. தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து தரைக்கு இறங்கிப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பும். உங்கள் மகள் உட்காரும் உயரம்தான் அதைப் பார்க்கச் சரியான உயரம். நீலகிரி சிரிப்பான் என்கிற பறவையைத் தேட வேண்டியதில்லை. அது சிரிக்கிற சத்தம் காடு முழுக்கக் கேட்கும்.

மரங்கள் குட்டையாக, முறுக்கேறி, பாசி போர்த்தி நிற்கும். ஓடையோரம் மரப்பெரணி. வேர்கள் பாதையின் குறுக்கே ஓடும், ஈரத்தில் வழுக்கும். அப்பாவுக்கு ஊன்றுகோல் கட்டாயம். தொடக்கத்தில் சிறிது தூரம் போய் ஓர் இடத்தில் இருந்துவிட்டுத் திரும்பினாலே போதும். காட்டைக் குறுக்காகக் கடந்தால்தான் பார்த்ததாக அர்த்தம் என்பதில்லை.

அட்டையைப் பற்றி: இரு வாரம் வெயில் அடித்திருந்தால் அதிகம் இராது. மழை பெய்திருந்தால் இருக்கும். பேண்ட்டை நீளக் காலுறைக்குள் செருகி, சிறு துணியில் உப்பை முடிந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொண்டால் பிடுங்க வேண்டாம், உப்பு முடிச்சால் தொட்டால் விட்டுவிடும். வலிக்காது என்பதை மகளிடம் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், அவ்வளவுதான்.

காட்டெருமை தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் சாலையிலும் சர்வ சாதாரணமாக நிற்கும். சாதுவாகத் தெரிகிறதே என்று படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். அது வழியை விடும்வரை நாம் காத்திருப்பதுதான் இங்கே வழக்கம். பொழுது சாய்ந்தபின் தோட்டப் பாதைகளில் நடக்க வேண்டாம். கரடி நடமாட்டம் உண்டு.

தங்குவதற்கு என் யோசனை கோத்தகிரி. தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து அடிக்கும்போது தொட்டபெட்டா மலைத்தொடர் எங்களுக்கு முன்னால் நின்று தடுத்துவிடுகிறது. மேற்கே இருக்கிற அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. எங்கள் பக்கம் அந்த நிலை இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கதை தலைகீழ். அப்போது மண்சரிவு பயம் எங்களுக்கும் குன்னூருக்கும்தான். உங்கள் விடுமுறை இரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆனாலும் மதியத்துக்கு மேல் மழை பிடிக்கலாம். நடையையெல்லாம் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பதில்: தோட்டக்காரர், குன்னூர்

ஆசிரியை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஊட்டிப் பூங்காவின் உச்சியில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று இருக்கிறது. பலர் அதையும் பூங்காவில் காட்சிக்கு வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டு வாசல் வரை கேமராவை நீட்டுகிறார்கள். மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம், கோயில் இருக்கும் இடம். பூங்கா வருவதற்கு முன்பே அவர்கள் இந்த மலையில் இருந்தவர்கள். அங்கே போனால் கேட்டுவிட்டுப் போங்கள், படம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். விருப்பம் இருந்தால் அவர்கள் கையால் போட்ட பூத்தையலை அவர்களிடமே வாங்குங்கள். தோடர் பூத்தையலுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நேர்த்தியாக இருக்கும்.

பேத்தி சோலையில் காயோ கொட்டையோ பொறுக்க ஆசைப்பட்டால், பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். வீட்டுக்கு விதை வேண்டுமென்றால் பூங்கா நாற்றங்கால்களில் விற்பனைப் பிரிவு இருக்கிறது. தஞ்சாவூர் வெயிலில் எது பிழைக்கும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். இங்கே பூத்துக் குலுங்குகிற ஃபியூஷியாவும் ஹைட்ரேஞ்சியாவும் உங்கள் ஊருக்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்: மலர்விழி

இரண்டு இரவு கோத்தகிரி, ஓர் இரவு குன்னூர் என்று முடிவு செய்திருக்கிறோம். முதல் நாள் பயணத்தோடு சரி. இரண்டாம் நாள் கோத்தகிரியிலிருந்து காரில் ஊட்டிப் பூங்கா, மூன்றாம் நாள் காலை சோலை, நான்காம் நாள் சிம்ஸ் பூங்கா. பெயர்ப் பலகை சோலைக்கு முன்பே கிடைத்துவிடுகிறது, அதனால் வரிசை சரிதான் என்கிறார் அப்பா. ரயில் ஆசையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறோம். ஆசிரியை அவர்களே, அனுமதிக்கு எத்தனை நாள் முன்னால் எழுத வேண்டும்?

பதில்: ஆசிரியை, கோத்தகிரி

இப்போதே எழுதிவிடுங்கள். விடுமுறை நாட்களில் கேட்பவர்கள் அதிகம். மூவரின் பெயர், வயது, வருகிற தேதி மூன்றையும் குறிப்பிடுங்கள். அப்பாவின் முழங்காலைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால், கூட வருகிற ஆள் அதற்கேற்ற பாதையில் அழைத்துப் போவார்.