பழைய ஸ்கூட்டருக்கு இரிடியம் பிளக், ரேஸ் சிடிஐ: மாற்றிப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

குடமுருட்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது கார்புரேட்டர் வைத்த பழைய 110 சிசி ஸ்கூட்டர். பாபநாசத்திலிருந்து அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூருக்கு டூட்டிக்குப் போய் வருகிறேன், நர்ஸ் வேலை, நைட் ஷிஃப்ட் முடிந்து விடிவதற்கு முன்பே கிளம்புவதும் உண்டு. கோடையில் வண்டி ஒரு தொந்தரவும் தராது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால்தான் ஆரம்பம். காலையில் செல்ஃப் எடுக்காது, கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலித்துவிடும், ஸ்டார்ட் ஆனாலும் நாற்பதைத் தாண்டினால் திக்கித் திக்கி இழுக்கும், அப்புறம் இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

கடையில் காட்டினேன். இரிடியம் பிளக் (முனையில் இரிடியம் உலோகம் வைத்த ஸ்பார்க் பிளக்), பிளக்குக்கு வோல்ட்டை ஏற்றித் தருகிற காயிலில் பவர் கூடினது, ரேஸ் சிடிஐ (பொறி எப்போது விழ வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற மின்னணுப் பெட்டி) மூன்றையும் மாற்றிவிட்டால் மழைத் தொல்லை போய்விடும், மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்றார்கள். கூலியோடு சேர்த்து 4,000 ரூபாய் பக்கம் வருகிறது. கொடுக்க மனமில்லாமல் கேட்கவில்லை. இருட்டில் இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில் வண்டி நின்றுவிடக் கூடாது, அதற்கு இது உதவுமா என்றுதான் தெரிய வேண்டும். மாற்றியவர்கள் சொல்லுங்கள்.

பாமணியாறு:

தங்கச்சி, அந்த 4,000 ரூபாயை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். நான் மன்னார்குடியில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவன், டூவீலர் மெக்கானிக் இல்லை, ஆனால் காயில், வயர், கரண்ட் கசிவு இதெல்லாம் என் அன்றாடப் பிழைப்பு.

மழையில் மட்டும் வருகிறது, சூடேறினால் போய்விடுகிறது என்று நீங்களே பாதி விடையைச் சொல்லிவிட்டீர்கள். எங்கோ ஈரம் உட்காருகிறது, பிளக் முனைக்குப் போக வேண்டிய கரண்ட் வழியிலேயே இன்ஜின் பாடிக்கு இறங்கிவிடுகிறது, சூட்டில் ஈரம் காய்ந்ததும் வண்டி சரியாகிவிடுகிறது. காயிலோ பல்சரோ (பொறி விழ வேண்டிய நேரத்தைச் சிடிஐக்குச் சொல்லும் சின்னக் காயில்) கெட்டுப்போனால் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும்: குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி எடுக்கும். உங்கள் வண்டி அப்படிச் செய்யவில்லை.

பவர் காயில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். பெட்டியில் 40,000 வோல்ட் என்று போட்டிருக்கலாம். ஆனால் பொறி எத்தனை வோல்ட்டில் தாண்டும் என்பதை முடிவு செய்வது பிளக்கின் இடைவெளியும் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமும்தான். 10,000 வோல்ட்டில் தாண்டிவிடுகிற இடத்தில் எவ்வளவு பெரிய காயில் போட்டாலும் அங்கேயே தாண்டிவிடும், அதற்கு மேல் ஏறாது. கம்பெனி காயிலே அந்த வேலைக்குத் தேவையானதை விடக் கூடுதலாகக் கொடுக்கக் கூடியதுதான். உங்கள் வண்டியில் கசிவு இருக்கிறது என்றால் பெரிய காயில் அதே ஓட்டை வழியாக இன்னும் சுலபமாகக் கசியும், அவ்வளவுதான்.

என் ஸ்கூட்டரில் போன சம்பா நடவு சமயத்தில் இதே கதை. ராத்திரி ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, தலைக்குத் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, இன்ஜின் ஓடும்போது பிளக் வயர் மேல் லேசாகப் புகை மாதிரி அடித்தேன். பிளக் கேப்பின் (வயர் நுனியில் இருந்து பிளக் மேல் மாட்டுகிற மூடி) கழுத்திலிருந்து சிலிண்டர் தலைக்கு நீல நிறத்தில் ஒரு நூல் துடித்துத் துடித்து ஓடியது, ஒவ்வொரு துடிப்புக்கும் இன்ஜின் ஒரு தவறு தவறியது. (பெட்ரோல் கசிவு இருக்கிற வண்டியில் இதைச் செய்யவே கூடாது, வயரைக் கையால் பிடிக்கவும் கூடாது.) வண்டியை நிறுத்திவிட்டுக் கேப்பை வயரிலிருந்து திருகிக் கழற்றினால் உள்ளே இருக்கும் பித்தளைத் திருகு பச்சையாகக் களிம்பேறிக் கிடக்கிறது, வயருக்குள் இருக்கும் செம்பு இழைகள் கருத்துப் பொடிகிறது. பிளேடால் வயர் நுனியைக் கால் அங்குலம் நறுக்கினேன், உள்ளே பளபளவென்று புதுச் செம்பு. கேப் புதிதாக வாங்கி அதில் திருகி ஏற்றி, ரப்பர் உறை சரியாக உட்காருகிறதா என்று பார்த்து மாட்டினேன். இன்றுவரை அந்தத் தொல்லை திரும்பவில்லை.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பிளக்கைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். இளம் காபி நிறம் என்றால் எரிவது சரி. காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், நம் பக்கம் அறுவடைத் தூசிக்கு அது சீக்கிரம் அடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அது பிளக் வேலையே இல்லை, இன்ஜின் ஆயிலை உள்ளே விடுகிற பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். வெள்ளையாக வெளுத்திருந்தால் சூடு கூடுகிறது. அடுத்து இடைவெளி. 110 சிசி ஸ்கூட்டர்களில் நிறைய வரும் சிஆர்7எச்எஸ்ஏ பிளக்குக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர், உங்கள் கையேட்டில் என்ன எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்து இடைவெளி விரிந்த பிளக் கூடுதல் வோல்ட் கேட்கும், அந்தக் கூடுதல்தான் ஈரத்தில் கசிவாக வெளியே வரும், ஆக இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்டவை. மூன்றாவதாகக் கேப்பைப் பாருங்கள், மீட்டரில் வைத்தால் பொதுவாக 5,000 ஓம்ஸ் பக்கம் காட்ட வேண்டும்.

ரேஸ் சிடிஐ உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளும், ஆர்பிஎம் கட்டுப்பாட்டை எடுத்துவிடும். ஸ்கூட்டரில் கியர் இல்லை, இன்ஜின் எந்தச் சுற்றில் ஓட வேண்டும் என்பதை பெல்ட்டும் வேரியேட்டர் ரோலரும் பிடித்து வைத்திருக்கின்றன, அந்தக் கட்டுப்பாடு போனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்? பெட்ரோலுக்கு ஒத்துவராமல் தட்டுச் சத்தம் வரலாம், இன்ஜின் சூடாகலாம்.

அகத்தியம்பள்ளி:

பாமணியாறு அண்ணன் சொன்னதோடு கடலோரத்துக்காரன் நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு மழை மட்டும் இல்லை, உப்பளக் காற்று வருஷம் பூராவும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஓடு பறந்துபோய் வண்டி நனைந்தபடியே கிடந்தது, அதன் பிறகு ஒரு வருஷமாக ஸ்டார்ட்டிங் தகராறு. இரிடியம் போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, திரும்பவும் அதேதான். கடைசியில் பார்த்தால் காயிலின் எர்த் வயர் ஃபிரேமில் மாட்டுகிற போல்ட் துருப்பிடித்து, வயருக்கும் இரும்புக்கும் நடுவில் செதில் செதிலாகத் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட் மாற்றி, மேலே கிரீஸ் தடவினேன். காசே இல்லாத வேலை. காயிலை மாற்றுவதற்கு முன்னால் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள் சகோதரி, கடையில் பெரும்பாலும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

இன்னொன்று. இரிடியம் நீண்ட நாள் உழைக்கும் என்று போட்டுவிட்டு அதை மறந்துவிடாதீர்கள். எங்கள் ஊர்க் காற்றுக்கு அது இன்ஜினின் அலுமினியச் சிலிண்டர் தலையில் அப்படியே பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்றும்போது மரை சேர்ந்து வந்துவிடும். பக்கத்து வீட்டு வண்டியில் வந்தது, தலையைக் கழற்றி லேத்தில் கொடுத்துப் புதுப் புஷ் அடிக்க வேண்டியதாயிற்று. வருஷத்துக்கு ஒரு முறையாவது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி மாட்டுங்கள். மாட்டும்போது விரலாலேயே கடைசி வரை திருகி, புதுப் பிளக் என்றால் அதற்கு மேல் ஸ்பேனரில் அரைச் சுற்று போதும்.

ஓடம்போக்கி:

எலி! யாரும் எலியைச் சொல்லவில்லையே. களத்து மேட்டிலோ நெல் மூட்டை அடுக்கின திண்ணையிலோ வண்டி நிறுத்துகிறவர்கள் பிளக் வயரை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். என் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு பல் தடம், மேலே பார்த்தால் கீறல் மாதிரிதான் இருந்தது, பனி பெய்த காலையில் அதன் வழியாகத்தான் கரண்ட் போனது.

அரசலாறு:

கும்பகோணத்திலிருந்து. இங்கே எல்லோரும் இரிடியத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட்டது போல் இருக்கிறது, எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. என்ஜிகே இரிடியத்தின் நடு முனை 0.6 மில்லிமீட்டர்தான், சாதா பிளக்கில் அது பல மடங்கு தடிமன். முனை மெலிந்திருந்தால் பொறி குறைந்த வோல்ட்டிலேயே தாண்டும், அப்படியென்றால் பாமணியாறு சார் சொல்கிற கசிவுக்கும் அது நல்லதுதானே? உலோகம் கடினமானது, தேய்வது மெதுவாக, இடைவெளி சீக்கிரம் விரியாது. என் வண்டியில் போட்ட பிறகு ஐடிலிங் சீராக இருக்கிறது, குளிரில் முதல் அழுத்தில் எடுக்கிறது. மைலேஜ் மட்டும் பொய், டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் போட்டேன், எந்த வித்தியாசமும் இல்லை.

ஆனால் என்னுடையது 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த வண்டி), கார்புரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் வண்டியில் பொறியைக் கட்டுப்படுத்துவது ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர், தனியாக சிடிஐ என்று ஒன்று கிடையாது, அதனால் ரேஸ் சிடிஐ பேச்சுக்கே இடமில்லை. பிளக் எண்ணில் ரெசிஸ்டருக்கான ஆர் எழுத்து இருக்க வேண்டும், அது இல்லாததைப் போட்டால் மின் இரைச்சல் ஈசியூவைக் குழப்பும். பிராண்டு மாற்றும்போதும் கவனம் வேண்டும். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த ரகம் (சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுவது), பாஷில் எண் கூடினால் சூடான ரகம், எண்ணை மட்டும் பார்த்து ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிவிடக் கூடாது.

போலிப் பிளக்கும் சுற்றுகிறது. மரை சொரசொரப்பாக, எழுத்து அழிகிற மாதிரி, முனை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்து இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பாமணியாறு:

அரசலாறு தம்பி சொல்வதில் தப்பில்லை, குறைந்த வோல்ட்டில் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அகத்தியம்பள்ளி தம்பிக்கு நடந்ததைப் பாருங்கள், கொஞ்ச நாள் நன்றாக இருந்து திரும்ப வந்தது. கசிவை வைத்துக்கொண்டு இரிடியம் போட்டால் கோளாறு மறைந்து நிற்கும், அடுத்த மழைக்கு இன்னும் மோசமாக வரும். அதுவும் இந்தப் பிள்ளை விடிகாலை இருட்டில் தனியாக வருகிறது. கேப், வயர், எர்த் மூன்றும் சரி என்று தெரிந்த பிறகு ஆசைப்பட்டால் இரிடியம் போடட்டும், நானே போடு என்பேன். சாதா பிளக் 100, 150 ரூபாய், இரிடியம் 500-க்கு மேல், அந்த வித்தியாசம் தாங்கக் கூடியதுதான்.

குடமுருட்டி:

எல்லோருக்கும் நன்றி, கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். எங்கள் தெருவிலேயே பெரியவர் ஒருவர் பழைய வண்டி பார்ப்பவர், அவரிடம் கொண்டுபோய் இதை அப்படியே படித்துக் காட்டினேன். கேப்பை மீட்டரில் வைத்தார், முள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது, கேப்பை லேசாக அசைத்தால் சுத்தமாகப் படுத்துவிட்டது. வயர் நுனி அண்ணன் சொன்ன அதே பச்சை. நறுக்கிப் புதுக் கேப் போட்டு, சாதா பிளக் ஒன்று மாற்றி, எர்த்தையும் தேய்த்துவிட்டார். எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. அதன் பிறகு நல்ல மழை, திருவையாறு ரோடு வரை சுற்றிப் பார்த்தேன், திக்கல் ஒரு இடத்திலும் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. கிக்கரில் இரண்டாவது உதைக்கு எடுக்கிறது, செல்ஃபில் இன்னும் எடுக்க மாட்டேன் என்கிறது. மோட்டார் சுற்றுகிறது, பற்றுவதில்லை. இதற்காவது சிடிஐ மாற்ற வேண்டுமா?

பாமணியாறு:

வேண்டாம் தங்கச்சி, பேட்டரியைப் பாருங்கள். சிடிஐயில் இரண்டு வகை உண்டு. ஏசி சிடிஐ என்றால் இன்ஜினோடு சுற்றுகிற மேக்னெட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், பேட்டரி செத்திருந்தாலும் உதைத்து எடுத்துவிடலாம். டிசி சிடிஐ பேட்டரியை நம்பியது. செல்ஃப் மோட்டார் பேட்டரியை இழுக்கும்போது மிச்சம் இருக்கும் வோல்ட் சிடிஐக்குப் போதாது, பொறி மெலிந்துவிடும், மோட்டார் சுற்றும், இன்ஜின் பற்றாது. கிக்கரில் எடுத்து செல்ஃபில் எடுக்காதது பெரும்பாலும் இதனால்தான். ராத்திரி முழுக்க நிறுத்திய பிறகு காலையில் மீட்டர் வைத்தால் 12.4-க்கு மேல் இருக்க வேண்டும், செல்ஃபை அழுத்தும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விட்டது. ஓடும்போது 14 வோல்ட் பக்கம் சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் அந்தப் பெரியவரையே பார்க்கச் சொல்லுங்கள், சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் கெட்டிருந்தால் புதுப் பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும்.

அப்புறம், கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தில் ஒரு முறை பிடித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அடியில் தண்ணீர் தனியாக நின்றாலும் காலை ஸ்டார்ட்டிங் இப்படித்தான் இருக்கும்.

குடமுருட்டி:

இந்த ஞாயிறு லீவுதான் அண்ணே, இரண்டையும் பார்த்துவிட்டு அளவுகளை இங்கேயே போடுகிறேன். அரசலாறு சார், பேட்டரி சரியான பிறகு இரிடியம் போடலாம் என்றிருக்கிறேன், சிஆர்7எச்எஸ்ஏவுக்குச் சமமான இரிடியத்தின் எண் தெரிந்தால் எழுதுங்கள், பெட்டியில் அதைப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன்.