எர்லாங்கனுக்கு மெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க வந்திருக்கேன், எந்தப் பிரிவு எடுக்கட்டும்?

மேல்விஷாரம் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் பக்கத்துல பி.இ. பயோமெடிக்கல் முடிச்சுட்டு மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனி வந்து ஒரு வாரம் ஆகுது. கூட வந்தவங்க எல்லாம் ஸ்கேன் படம் சம்பந்தப்பட்ட இமேஜிங், ஏஐன்னு ஓடுறாங்க. எனக்குக் கணக்கு சுமார்தான். அப்பா ஷூ கம்பெனில கட்டிங் செக்ஷன்ல இருக்காரு, கடன் வாங்கித்தான் அனுப்பினாரு. முதல்ல இன்னா பண்ணணும், எந்தப் பிரிவு எடுக்கணும்னு யாராச்சும் சொல்லுங்களேன்.

காட்பாடி அக்கா:

தம்பி, பிரிவு எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல பேப்பர் வேலையை முடிங்க. வீட்டுக்குள்ள குடிபோன ரெண்டு வாரத்துல அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, பண்ணியாகணும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாம அந்த ஆபீஸ் வாசல்ல போய் நிக்காதீங்க. ரூமை நேர்ல பார்க்காம அட்வான்ஸ் அனுப்பச் சொன்னா, எவ்வளவு நல்லவங்களா பேசினாலும் அனுப்பாதீங்க. ரேடியோ, டிவி கட்டணம்னு ஒரு கடுதாசி வரும். டிவியே இல்லையேன்னு கிழிச்சுப் போடக் கூடாது. மாசம் 18.36 யூரோ, ஆனா ஒரு வீட்டுக்கு ஒண்ணுதான். கூட இருக்கிறவங்களோட பங்கு போட்டுக்கலாம்.

இப்ப படிப்பு. இங்க மார்க் தலைகீழ். 1.0 தான் டாப், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். பரீட்சைக்கும் தனியாப் பதிவு பண்ணணும், அதுக்குக் கடைசி தேதி உண்டு. அரியர் விழுந்தா அப்புறம் க்ளியர் பண்ணிக்கலாம்ங்கிற நம்ம ஊர் தெம்பு இங்க செல்லாது. பொதுவா ஒரு பேப்பருக்கு மூணு வாய்ப்பு. கட்டாயப் பாடத்துல மூணும் போனா, இதே படிப்பை ஜெர்மனில வேற யுனிவர்சிட்டில தொடர்றதும் கஷ்டமாயிடும். உங்க கோர்ஸோட தேர்வு விதிமுறையை இந்த வாரமே உக்காந்து படிச்சிடுங்க.

கணக்கு சுமார்னு சொன்னீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும். ஊர்ல நாம அனாட்டமி, இன்ஸ்ட்ருமென்டேஷன், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்னு எல்லாத்தையும் தொட்டுட்டு வந்துட்டோம். சிடி ஸ்கேன் எப்படி வேலை செய்யுதுன்னு படம் போட்டு ஒரு பக்கம் எழுதினா மார்க் விழுந்துடும். இங்க ராடான் ட்ரான்ஸ்ஃபார்ம்ல இருந்து, அதாவது பல கோணத்துல எடுத்த எக்ஸ்-ரே அளவுகளை விவரிக்கிற கணக்குல இருந்து, ஆரம்பிக்கணும். அந்த அளவுகளை ஃபில்டர் பண்ணாம அப்படியே திருப்பிப் பரப்பிப் படமாக்கினா (பேக் ப்ரொஜெக்ஷன்) படம் ஏன் மங்கலா வருதுன்னு கேப்பாங்க. குறைஞ்ச அதிர்வெண் தகவல் அளவுக்கு மேல குவிஞ்சு போறதாலன்னு வாயால சொன்னாப் பத்தாது, சிக்னலை அதிர்வெண்களாப் பிரிக்கிற ஃபூரியே கணக்குப் போட்டுக் காட்டணும். அதனால லீனியர் அல்ஜிப்ராவும் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸும்தான் முதல் செமஸ்டருக்கு மூச்சு. அனாட்டமியை அப்புறம் பார்த்துக்கலாம்.

ஒரு பயிற்சி சொல்றேன். எம்ஐடி-பிஐஹெச்னு ஈசிஜி தொகுப்பு ஒண்ணு நெட்ல இலவசமா இருக்கு. அரை மணி நேரப் பதிவு 48, ஒவ்வொண்ணும் நொடிக்கு 360 சாம்பிள். பான், டாம்ப்கின்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985ல சொன்ன முறையில, ரெடிமேட் லைப்ரரி எடுக்காம, பைத்தான்ல நீங்களே க்யூஆர்எஸ், அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் வர்ற கூர்முனை, எங்கன்னு கண்டுபிடிச்சுப் பாருங்க. நம்ம ஊர் நோட்ஸ்ல இருக்கிற 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டி எடுக்கிற நாட்ச் ஃபில்டரைப் போட்டா கரண்ட் இரைச்சல் போகாது. ஏன்னா அது அமெரிக்காவுல பதிவானது, அங்க கரண்ட் லைன் 60 ஹெர்ட்ஸ். ஃபில்டரை மனப்பாடம் பண்ணினவங்க அங்கதான் மாட்டுவாங்க.

பிரிவுக்கு வர்றேன். இமேஜிங் வேணாம்னு சொல்லல. சீமன்ஸ் ஹெல்த்தினியர்ஸோட எம்ஆர்ஐ வேலை எர்லாங்கன்லயும் சிடி வேலை பக்கத்து ஃபோர்க்ஹைம்லயும் நடக்குது, அதுக்காகவே இங்க வர்றவங்க நிறைய. ஆனா பக்கத்து சீட்டுப் பையன் எடுத்தான்னு எடுக்காதீங்க. அப்பா தோல் வெட்டுறவருன்னு எழுதினீங்களே, நான் அதைத்தான் பிடிச்சுக்குவேன்.

1946ல நம்ம சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டைப் பத்தி வேலூர்ல கேள்விப்பட்டிருப்பீங்க. தொழுநோயாளிகளோட விரல் தானா அழுகி விழல, உணர்ச்சி இல்லாத இடத்துல திரும்பத் திரும்ப அழுத்தமும் காயமும் பட்டுத்தான் போகுதுன்னு எடுத்துக்காட்டினவர். ஆபரேஷன் ஒரு பக்கம், செருப்பு இன்னொரு பக்கம். எம்சிஆர்னு சொல்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பு வேலை நடந்ததெல்லாம் வேலூர், கரிகிரி பக்கம்தான். சர்க்கரை நோயில நரம்பு கெட்ட காலுக்கும் இதே விஷயம்தான். புண் ஆறின பாதத்துக்கு ஷூ செஞ்சா, உள்ளே உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழ வரப் பாருங்கன்னு சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுது. ஷூவுக்குள்ள பாதம் படுற இன்சோல்ல சென்சார் வச்சு அளந்து, எந்த மெட்டீரியல் எவ்வளவு தடிப்புல வச்சா அழுத்தம் பரவும்னு பார்க்கிறது பயோமெக்கானிக்ஸ். இதுலயும் கணக்கு உண்டு, பொருளைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு அழுத்தம் கணக்குப் போடுற ஃபைனைட் எலிமென்ட்ல இருந்து தப்பிக்க முடியாது. ஆனா அப்பர் (ஷூவோட மேல்பாகம்), இன்சோல், லாஸ்ட் (ஷூ செய்யுற கால் அச்சு) எல்லாம் சின்ன வயசுலயே பார்த்த ஆளுக்கு, கம்ப்யூட்டர் தப்பான விடை சொன்னா உடனே சந்தேகம் வரும். அந்த சந்தேகம் வகுப்புல மத்தவங்களுக்கு வர்றது கஷ்டம். முடிவு உங்களுது. முதல் செமஸ்டர்ல ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொரு பாடம் எடுத்துப் பாருங்க.

மேல்விஷாரம் தம்பி:

ரொம்ப தேங்க்ஸ் அக்கா. இப்படி ஒரு கோணத்துல யோசிக்கவே இல்ல. ஆனா இந்தப் பிரிவுல வேலை கிடைக்குமா? கடன்தான் கண்ணு முன்னாடி நிக்குது.

ஆரணி அண்ணன்:

தம்பி, அக்கா சொன்ன எல்லாத்துக்கும் ஒத்துக்கிறேன், ஆனா மொழியை விட்டுட்டாங்க. வகுப்பு ஆங்கிலத்துல ஓடலாம். ஆனா ஆஸ்பத்திரிலயோ ஷூ செய்யுற ஆர்த்தோபீடிக் பட்டறையிலயோ போய் நின்னா ஜெர்மன்தான். பேஷன்ட் காலைப் பிடிச்சுக்கிட்டு ஆங்கிலத்துல வலிக்குதான்னு கேக்க முடியாது. யுனிவர்சிட்டி மொழி வகுப்பு சீக்கிரம் நிரம்பிடும், திங்கக்கிழமையே பெயர் கொடுங்க.

ஸ்டூடன்ட் விசாவுல வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லேன்னா 280 அரை நாள் வேலை பார்க்கலாம். படிப்பு முடிஞ்சா வேலை தேட 18 மாசம் வரைக்கும் கிடைக்கும். முதல் செமஸ்டர்ல டெலிவரி வேலைக்குப் போய் பரீட்சையைக் கோட்டை விடாதீங்க. ரெண்டாவது செமஸ்டர்ல இருந்து ப்ரொஃபசர் லேப்லயே உதவியாளர் வேலை கேளுங்க. சம்பளம் சுமார்தான், ஆனா தீசிஸுக்கு வழி அங்கதான் திறக்கும்.

வேலைன்னு பார்த்தா டிசைன் மட்டும் இல்ல. 2021 மே 26ல இருந்து ஐரோப்பாவுல புது மெடிக்கல் டிவைஸ் சட்டம் நடைமுறையில இருக்கு. அதனால டெஸ்டிங், ரிஸ்க் ஃபைல், டாக்குமென்டேஷன்னு எழுதவும் ஆள் வேணும். என் வேலையும் அதுதான். இதயத்தோட நேரா தொடர்பு வர்ற கருவியில, சாதாரண நிலையில நோயாளிக்குக் கசிஞ்சு பாயுற லீக்கேஜ் கரண்ட் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக் கூடாது. அதை அளந்து கையெழுத்துப் போடுறதுக்கும் பயோமெடிக்கல் படிச்ச ஆள்தான் வேணும். ரிஸ்க் பத்தின ஐஎஸ்ஓ 14971, மின்சார மருத்துவக் கருவிப் பாதுகாப்பு பத்தின ஐஇசி 60601, இந்தத் தரவிதிகள் ரெண்டும் என்னன்னு இன்டர்வியூல சொல்லத் தெரிஞ்சாலே தனியாத் தெரிவீங்க. யாரும் ஆசையா எடுக்காத பாடம், அதனாலதான் சொல்றேன்.

அப்புறம், ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் இருக்காது. அரிசி, பால் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வச்சிடுங்க.