டிசம்பர் 24: ஒரே தேதியில் நாங்கள் எதிர்கொண்ட வரலாறு

வேலூர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் (தொடக்கப் பதிவு)

நான் பணியாற்றிய பள்ளியில், காலை வழிபாட்டுக் கூட்டத்துக்கு முன் ‘இந்நாளில்’ என்ற தலைப்பின் கீழ் கரும்பலகையில் நான்கைந்து வரிகள் எழுதுவது பல ஆண்டுகள் என் பொறுப்பாக இருந்தது. அந்தப் பலகையில் டிசம்பர் 24 ஒருபோதும் ஏறியதில்லை; அரையாண்டுத் தேர்வு முடிந்து அன்று பள்ளி மூடியிருக்கும். மாணவர்களுக்குச் சொல்லாமலே போன தேதி என்பதாலோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகும் அந்த நாளைப் பற்றிய செய்திகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன்.

இந்தத் தேதியுடன் எனக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு 1973ஆம் ஆண்டுக்கு உரியது. நான் அப்போது சிறுவன். என் தந்தை ஆற்காடு சாலையில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகில் கடை வைத்திருந்தார். தந்தை பெரியார் அங்கே சேர்க்கப்பட்டிருக்கிறார் என்ற செய்தி பரவியதிலிருந்தே கருஞ்சட்டை அணிந்தவர்கள் வாயிலுக்கு எதிரே கூட்டங்கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசிப் பொதுக்கூட்டத்தில் பேசியவர், 24ஆம் தேதி காலை, தமது 94ஆம் வயதில் வேலூரில் உயிர் நீத்தார். மறுநாள் கிறிஸ்துமஸ் என்பதால் சாலையெங்கும் காகித நட்சத்திரங்கள் கட்டப்பட்டிருந்தன; அவற்றின் கீழே முதியவர்கள் சிலர் தரையில் அமர்ந்து வாய்விட்டு அழுததைப் பார்த்தேன். பெரியவர்கள் அப்படி அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. வாழ்நாள் முழுவதும் கடவுள் மறுப்பைப் பேசிய ஒருவரைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்டது ஒரு கிறித்தவ மருத்துவமனை என்பதையும், அவருக்கு அங்கே குறைவற்ற மரியாதை கிடைத்தது என்பதையும் என் தந்தை பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

நாட்காட்டித் தாளில் அச்சிடுவதைப் போன்ற ஒரு பட்டியலை நம் குழு உறுப்பினர்களிடம் நான் கேட்கவில்லை. டிசம்பர் 24க்கு உரிய ஒரு நிகழ்வை, அல்லது அந்நிகழ்வு விட்டுச் சென்ற தடத்தை, நீங்கள் எங்கே எவ்வாறு எதிர்கொண்டீர்கள் என்பதை எழுதுமாறு வேண்டுகிறேன்.

கொச்சி, வங்கி அலுவலர்

ஐயா, பணி மாற்றலாகிக் கொச்சிக்கு வந்த புதிதில், கோட்டைக் கொச்சியிலுள்ள புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்கு என் மகளை அழைத்துச் சென்றேன். உள்ளே தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட ஒரு கல்லைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வாஸ்கோ ட காமா முதலில் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. மூன்றாம் முறையாக, இம்முறை வைஸ்ராயாக இந்தியாவுக்கு வந்த அவர், வந்து சில மாதங்களுக்குள் 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். 1539இல் அவரது எச்சங்கள் போர்ச்சுகலுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. கல் மட்டும் இங்கே இருக்கிறது.

பள்ளியில் பாடமாகப் படித்த பெயருக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பெருமிதமோ பக்தியோ வரவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். 1502ஆம் ஆண்டுப் பயணத்தில் மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு கப்பலை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கும்போதே எரித்தவர் அவர். அந்தப் பகுதியையும் என் மகளுக்குச் சொல்லித்தான் வெளியே அழைத்து வந்தேன்.

தேதிகளைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1524இல் ஐரோப்பாவில் வழங்கியது ஜூலியன் நாட்காட்டி. நாம் இன்று பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 1582இல்தான் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே அப்போது பத்து நாள் வேறுபாடு இருந்தது. இன்றைய கணக்கில் பார்த்தால் அவர் இறந்த நாள் 1525 ஜனவரி 3 ஆகும். எனவே உங்கள் குறிப்பேட்டில் இந்த நிகழ்வைச் சேர்த்தால், பக்கத்தில் ‘ஜூலியன்’ என்று ஒரு சொல் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

திருச்சி, முன்னாள் அச்சுக்கோப்பாளர்

வேலூர் ஆசிரியர் ஐயாவின் குறிப்பேட்டில் இரண்டு பெயர்கள் அருகருகே இருக்கும் என்று நினைக்கிறேன்: 1973 டிசம்பர் 24இல் மறைந்த பெரியார், 1987 டிசம்பர் 24இல் மறைந்த எம்.ஜி.ஆர். இறந்த தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் தற்செயல் அல்லாத ஒரு தொடர்பும் இவர்களுக்கு இடையே உண்டு. அதை நான் என் கைவிரல்களால் அறிந்தேன்.

1978இல் திருச்சியில் ஓர் அச்சகத்தில் கம்போசிங் பிரிவில் வேலை பார்த்தேன். மரத்தட்டில் சிறு சிறு அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஈய எழுத்து. ண, ல, ள, ன ஆகியவற்றின் ஐகார எழுத்துகளுக்குத் தனித்தனி அறைகள் இருந்தன, ஏனெனில் அவை நான்கும் எழுத்துக்கு முன்னால் துதிக்கை போன்ற சுழியுடன் வார்க்கப்பட்டவை. ணா, றா, னா ஆகியவற்றுக்கும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களுக்கும் இதே நிலைதான். மொத்தம் 13 எழுத்துகள். பெரியார் 1930களிலேயே தம்முடைய ‘குடி அரசு’ இதழில் இவற்றை எளிமையாக்கி அச்சிடத் தொடங்கிவிட்டார். ஆனால் ஓர் இதழின் வழக்கமாகவும் இயக்கத்தாரின் வழக்கமாகவுமே அது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. பெரியார் நூற்றாண்டை ஒட்டி, 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு அந்தச் சீர்திருத்தத்தை அரசாணையாக வெளியிட்டது.

எல்லா அச்சகங்களும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எங்கள் முதலாளி, அரசு அலுவலகப் படிவங்களுக்குப் புதிய எழுத்து, திருமண அழைப்பிதழ்களுக்குப் பழைய எழுத்து என்று சில காலம் இரண்டையும் வைத்திருந்தார். கை பழகிய அறையை விட்டு, ஐகாரக் குறியைத் தனியாக எடுத்து ‘ல’வுக்கு முன் வைப்பது ஆரம்பத்தில் வேகத்தைக் குறைத்தது, பழகிய பின், தேட வேண்டிய அறைகள் குறைந்ததால் வேலை இலகுவாயிற்று. பழைய சுழி எழுத்துகளை ஒருநாள் மொத்தமாக எடைக்குப் போட்டு உருக்கினார்கள். அதில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்தப் பதிவில் உள்ள ‘லை’, ‘னை’ ஆகிய எழுத்துகளை நீங்கள் இன்று காணும் வடிவம் அந்த ஆணையிலிருந்து வந்தது. நினைவு நாளில் சிலைகளுக்கு மாலை போடுகிறோம். இந்த 13 எழுத்துகளையும் ஒருமுறை எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக விளங்கும் என்று கருதுகிறேன்.

கோயம்புத்தூர், இயற்பியல் விரிவுரையாளர்

சுருக்கமாக எழுதுகிறேன். 1968 டிசம்பர் 24 அன்று அப்போலோ 8 விண்கலம் போர்மன், லவல், ஆண்டர்ஸ் ஆகிய மூவருடன் நிலவைச் சுற்றத் தொடங்கியது. நிலவின் விளிம்புக்கு மேலே நீல நிறப் பூமி எழும் புகழ்பெற்ற படத்தை ஆண்டர்ஸ் அன்றுதான் எடுத்தார். ஆண்டுதோறும் முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டி, எடுத்த நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றச் சொல்வேன். அவர்கள் கணக்கிட்டு, நம் நாட்டில் இரவு சுமார் 10.10 மணி என்று சொல்லும்போது, அது வேறு ஏதோ உலகத்தில் நடந்தது என்ற எண்ணம் விலகி, அந்த இரவில் தங்கள் தாத்தா பாட்டி என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத் தொடங்குவார்கள்.

அதே பயணத்தில் அவர்கள் விவிலியத்தின் தொடக்க வரிகளைப் படித்த ஒளிபரப்பையும் எல்லாரும் டிசம்பர் 24 என்றே எழுதுகிறார்கள். அமெரிக்காவில் அது சரி. நமக்கு அப்போது 25ஆம் தேதி காலை எட்டு மணி ஆகியிருந்தது. கொச்சி அம்மையார் நாட்காட்டியைப் பற்றிச் சொன்னது கடிகாரத்துக்கும் பொருந்துகிறது.

சென்னை, புத்தக விற்பனையாளர்

1987இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கி, அண்ணா சாலையில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். டிசம்பர் 24 விடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. இராமாவரம் தோட்டத்தில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். காலமானார். சில நாட்களுக்கு முன்புதான் கத்திப்பாராவில் நேரு சிலைத் திறப்பு விழாவில் பிரதமர் ராஜீவ் காந்தியுடன் மேடையில் இருந்தவர் என்பதால், மேன்ஷனில் பலர் முதலில் நம்ப மறுத்தார்கள். வானொலியில் சோக இசை தொடங்கிய பிறகுதான் எல்லாரும் அமைதியானார்கள்.

நான் வாலாஜா சாலை வழியாக ராஜாஜி மண்டபத்துக்கு நடந்தேன். பேருந்து இல்லை, தேநீர்க் கடை இல்லை, தண்ணீர் கிடைப்பதே அரிதாக இருந்தது. லாரிகளில் வந்து இறங்கியவர்களில் பெண்களே மிகுதி. தங்கள் வீட்டில் சாவு விழுந்ததைப் போல மாரில் அடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்த மண்டபத்தின் படிகள் அகலமானவை, உயரமானவை. திப்பு சுல்தானை வென்றதன் நினைவாக ஆங்கிலேயர்கள் 1802இல் விருந்து மண்டபமாகக் கட்டியது, விடுதலைக்குப் பின் ராஜாஜியின் பெயரைப் பெற்றது.

வரிசையில் என் முன்னால் நின்ற முதியவர் கருஞ்சட்டை அணிந்திருந்தார். அன்று பெரியார் நினைவு நாள். பெரியார் திடலுக்குப் புறப்பட்டவர், வழியில் செய்தி அறிந்து இங்கே வந்துவிட்டதாகச் சொன்னார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் பெரியாரின் உடலைப் பார்க்க நின்றதையும், அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 25இல் ராஜாஜி இறந்தபோது, தள்ளு நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்த பெரியார் தம் அரசியல் எதிரிக்காகக் கண்ணீர் விட்டதையும் அவர் நின்றபடியே விவரித்தார். எந்தப் பதவியிலும் இல்லாத பெரியாருக்குக் கலைஞர் அரசு அரசு மரியாதை அளித்ததைச் சொன்னபோது அவர் குரல் உயர்ந்தது. பின்னாலிருந்து நெருக்கித் தள்ளியதில் நாங்கள் பிரிந்துவிட்டோம்.

உள்ளே எம்.ஜி.ஆரின் தலைமாட்டில் ஜெயலலிதா நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு நொடிக்கு மேல் யாரையும் நிற்க விடவில்லை.

அன்றைய நாளின் மறுபக்கத்தையும் எழுதாமல் இருக்கக் கூடாது. திரும்பி வரும்போது அண்ணா சாலையில் கடைகள் சூறையாடப்பட்டிருந்தன. சாலை நெடுகிலும் அறுந்த செருப்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. அங்கே இருந்த கலைஞர் சிலையை அன்று கடப்பாரையால் உடைத்துத் தள்ளினார்கள். அந்தச் சிலை, பெரியாரின் விருப்பத்தின்படி திராவிடர் கழகத்தால் 1975இல் நிறுவப்பட்டது. பெரியாரின் நினைவு நாளிலேயே அது விழுந்ததை எண்ணி நான் நெடுநாள் வருந்தினேன். இன்றும் அந்த இடத்தைக் கடக்கும்போது அந்த வருத்தம் வருகிறது. அன்பின் பெயரால் செய்யப்பட்டது என்று அதை யாரும் நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியாது. எம்.ஜி.ஆரை உண்மையாக நேசித்தவர்கள் மண்டபத்து வரிசையில் பசியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

மறுநாள், 25ஆம் தேதி, மெரினாவில் அண்ணா நினைவிடத்துக்கு அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பெரியாரின் அடக்கமும் 1973இல் 25ஆம் தேதிதான் நடந்தது.

மதுரை, இல்லத்தரசி

ஆண்கள் எல்லாரும் தலைவர்களைப் பற்றி எழுதிவிட்டதால், நான் ஒரு நடிகையைச் சேர்க்க விரும்புகிறேன். பி. பானுமதி 2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார். ‘மலைக்கள்ளன்’, ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, ‘மதுரை வீரன்’, ‘நாடோடி மன்னன்’ எனத் தொடர்ந்து எம்.ஜி.ஆருடன் நடித்தவர், பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர் மறைந்த அதே தேதியில் மறைந்தார். எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கு அவர்மீது இருந்த மதிப்பு தனியானது. தாமே பாடி, தாமே எழுதி, படம் இயக்கி, படப்பிடிப்புக் கூடம் நடத்திய ஒரு பெண்ணை, சமையலறைக்கு வெளியே எதையும் முடிவு செய்ய அனுமதிக்கப்படாத என் அம்மா எவ்வளவு ஆசையோடு பார்த்தார் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

செய்தி வந்த வாரத்தில் சுனாமியின் முதலாம் ஆண்டு நினைவு நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வாங்கும் நாளிதழில் பக்கம் பக்கமாக அதுவே இருந்தது, அது நியாயமும்கூட. பானுமதியைப் பற்றிய செய்தி உள்பக்கத்தில் இருந்தது. அம்மா அதைக் கத்தரித்து, அரிசி டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தார். ஆசிரியர் ஐயா, உங்கள் குறிப்பேட்டில் அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பாடகர் முகமது ரஃபி பிறந்ததும் இதே தேதியில், 1924ஆம் ஆண்டு. இறந்தவர்களுக்கு நடுவே ஒரு பிறந்த நாளுக்கும் இடம் கொடுங்கள்.