10 மாத சிப்பிப்பாறை: வீட்டுக்குள் ஆட்டம், தெருவில் இழுப்பு

மஞ்சக்குப்பம்வாசி:
10 மாத ஆண் சிப்பிப்பாறை நாய், 17 கிலோ. காலையில் சில்வர் பீச்சில் ஒரு மணி நேரம் அவிழ்த்து ஓட விடுறோம். ஒன்பது மணிக்கு மறுபடி சோபாவிலிருந்து கட்டிலுக்குத் தாவல். வர்றவங்க மேல எல்லாம் ஏறுறான். அம்மாவுக்கு 68 வயசு, தள்ளி விட்டுடுவானோன்னு பயம். தெருவில் கையைப் பிய்க்கிற மாதிரி இழுக்கிறான். பகலில் கட்டிப் போட்டா விடாம குரைக்கிறான். ஓட்டத்தை இன்னும் கூட்டணுமா?

முத்தியால்பேட்டை:
கூட்டாதீங்க. முயல் விரட்ட வளர்த்த இனம் அது. தினம் ஓட விட்டா தம்தான் ஏறும், அடுத்த மாசம் ஒன்றரை மணி நேரம் கேட்பான். ஓட்டத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் மூக்குக்கு வேலை கொடுங்க. நின்னு நின்னு மோந்து பார்க்க விட்டு 20 நிமிஷம் நடந்தாலே நல்லா அடங்குவான்.

தினச் சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காதீங்க. உலர் தீனின்னா வாசல் புல்லில் தூவுங்க, இல்லைன்னா பழைய துண்டில் சுருட்டிக் கொடுங்க. முதலில் தளர்வாச் சுருட்டுங்க, பழகின பிறகு ஒரு முடிச்சுப் போடலாம். துண்டைக் கிழிச்சு விழுங்குறானான்னு பக்கத்தில் இருந்து பாருங்க. தேங்காய் மட்டை வேண்டாம், நார் குடலில் அடைச்சுக்கும்.

இன்னொண்ணு தூக்கம். இந்த வயசில் 14 முதல் 16 மணி நேரம் தூங்கணும். தூக்கம் கெட்ட நாய் குழந்தை மாதிரி அதிகமா ஆடும், அதைப் பார்த்து நாம மறுபடி ஓட வைப்போம். சங்கிலியை விட்டுட்டு, ஒரு அறை வாசலில் தடுப்பு வெச்சு, விரிப்பும் தண்ணியும் கொடுத்து விடுங்க.

வில்லியனூர்:
மேல ஏறுறதுக்கு: தள்ளுறதும் "ஏய்"னு கத்துறதும் அவனுக்கு விளையாட்டுதான். ஆள் வர்றதுக்கு முன்னாடியே நாலடி வாரில் ஜன்னல் கம்பியில் கட்டிடுங்க. வர்றவர் எட்டாத தூரத்தில் நிக்கணும். நாலு காலும் தரையில் இருக்கிற அந்த நொடியே, பட்டாணி அளவு வெந்த முட்டையைத் தரையில் வைங்க. கையை உயர்த்திக் கொடுத்தா திரும்பத் தாவுவான். தாவினா வந்தவர் ரெண்டடி பின்வாங்கணும், பேசக்கூடாது. ஒரு தடவைக்கு 5 முறை, நாளைக்கு 3 தடவை. முதல் மூணு நாலு நாள் தாவல் கூடும். அப்ப வீட்டில் யாராவது ஒருத்தர் கொஞ்சிட்டாக்கூட, "பலமாத் தாவினா கிடைக்கும்"னு படிச்சுக்குவான். மத்தவங்ககிட்ட நல்லா பழகின பிறகுதான் அம்மாகிட்ட, அதுவும் அவங்க உட்கார்ந்திருக்கும்போது.

இழுப்புக்கு ஆறடி வார் போதும். வார் விறைச்ச உடனே நில்லுங்க, தொய்வானதும் நடங்க. முதல் வாரம் தெருமுனையைக்கூட தாண்ட மாட்டீங்க. தூரத்தை விடுங்க, 15 நிமிஷம்னு கணக்கு வைங்க. சிப்பிப்பாறைக்குக் கழுத்தை விடத் தலை ஒடுக்கம், சாதாரண பட்டையை உருவிட்டு ஓடிடும். இழுத்தா ஓரளவுக்கு மட்டும் இறுகுற மார்ட்டிங்கேல் கழுத்துப் பட்டை வாங்குங்க. சுருக்குச் சங்கிலி தொண்டையைக் காயப்படுத்தும், வேண்டவே வேண்டாம்.

தேவனாம்பட்டினம்:
பீச்சில் அவிழ்த்து விடுறதைத் தயவுசெய்து நிறுத்துங்க. ஒரு ஆட்டுக்குட்டி கண்ணில் பட்டா நீங்க கூப்பிடுறது அவன் காதில் ஏறாது. 10 மீட்டர் கயிறு போதும், ஆனா மார்புப் பட்டையில் மாட்டுங்க. கழுத்தில் மாட்டினா ஓடி வந்து கயிறு தீரும்போது கழுத்து அடிபடும்.

அதைவிட முக்கியம், வலையிலிருந்து உதறிப் போட்ட பேத்தை மீன் (பந்து மாதிரி ஊதிக்கிற மீன்). காய்ஞ்சு கிடந்தாலும் விஷம். தின்னா வாயில் நுரை வரும், கால் தள்ளாடும், அப்புறம் மூச்சே நிக்கலாம். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீங்க, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. கடல் தண்ணி குடிச்சாலும் கழிச்சல் வரும், அதனால நல்ல தண்ணி ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும். அக்னி நட்சத்திர நாட்களில் ஆறரைக்குள் வீடு திரும்பிடணும். புறங்கையைத் தார்ச்சாலையில் 7 நொடி வைக்க முடியலைன்னா அவனோட பாதமும் தாங்காது.

மஞ்சக்குப்பம்வாசி:
பீச்சிலிருந்து வந்ததும் சாப்பாடு வைக்கிறோம். சரிதானா?

முத்தியால்பேட்டை:
ஒரு மணி நேரம் கழிச்சு வைங்க. மார்பு ஆழமான நாய்க்கு ஓட்டமும் சாப்பாடும் அடுத்தடுத்து வந்தா வயிறு ஊதி முறுக்கிக்கிற ஆபத்து இருக்கு. வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்தும் ஒண்ணும் வரலைன்னா ராத்திரியானாலும் காத்திருக்காதீங்க.