பான்சாய் வகுப்பில் வைத்த ஃபைகஸ் இலை கொட்டுகிறது, என்ன செய்யலாம்?

மாடிச்செடி (சென்னை):
ஒருநாள் அறிமுக வகுப்பில் நர்சரி ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா (ஆல், அத்தி இனத்து மரம்) ஒன்றை வேர் வெட்டி, ஆழமில்லாத தொட்டிக்கு மாற்றி, கிளையை வளைக்கக் கம்பியும் சுற்றிக் கொடுத்தார்கள். மண் கலவை: செம்மண், கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மண்புழு உரம் சம பங்கு. ஹாலில் வைத்து இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். இலை மஞ்சளாகி உதிர்கிறது, மேல்மண் காயவே இல்லை. உரம் போடலாமா? தொட்டி மாற்றவா?

இச்சிமரம்:
உரம் கூடவே கூடாது. வெட்டிய வேரில் புது நுனி வருமுன் போட்டால் வேர் கருகும். நாலு வாரமாவது பொறுங்கள்.

கிளைப் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. ஃபைகஸ் இடம் மாறினாலே இலை கொட்டும், அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் ஹால் சரிப்படாது. வெளியே வெளிச்சமான நிழலில் இரண்டு வாரம், பிறகு காலை வெயில் மட்டும்.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். மூங்கில் குச்சியை 3 செ.மீ. செருகி, பத்து நிமிடம் கழித்து எடுங்கள். ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் கிடையாது. மண் காயும்வரை தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டை கொடுத்துச் சாய்த்து வையுங்கள், தேங்கியதில் கொஞ்சம் வடியும். தொட்டியை இப்போது மாற்ற வேண்டாம்.

செங்கல்ஜல்லி:
தப்பு கலவையில். நுண்ணிய மண்ணில் தண்ணீர் எவ்வளவு வடிந்தாலும் அடியில் சில செ.மீ. உயரத்துக்கு ஈரம் நின்றுவிடும். ஆழமான தொட்டியில் அதற்கு மேலே காற்றோட்டமான மண் இருக்கும். 5 செ.மீ. தொட்டியில் மேலே என்று ஒன்று ஏது? வேர் முழுக்கச் சேற்றில்தான்.

உடைத்த செங்கல் 2 பங்கு, பருமணல் 1, மக்கிய உரம் 1. செங்கலையும் மணலையும் 6 மி.மீ. சல்லடையில் சலித்து, பிறகு 2 மி.மீ. சல்லடையில் தூளைக் கழித்துவிடுங்கள். பலர் விடுவது இந்தத் தூள் கழிக்கும் வேலையைத்தான், அதுவே எல்லா இடைவெளியையும் அடைத்துவிடும். ஊற்றிய நீர் மேலே குளம்போல் நிற்காமல் உடனே இறங்க வேண்டும்.

வளைகம்பி:
வேர் வெட்டு, கம்பி இரண்டையும் ஒரே நாளில் செய்வது வகுப்பு நேரத்துக்கு வசதி, செடிக்கு அல்ல. இருக்கும் கம்பியைப் பிரித்துச் சுழற்றாதீர்கள், கிளை முறியும். கட்டரால் சுற்றுச்சுற்றாக நறுக்கி எடுங்கள். அடுத்த முறை துளிர் நன்றாக ஓடிய பிறகு சுற்றலாம்: அலுமினியக் கம்பி, கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, 45 டிகிரி சாய்வு. நம்ம ஊர் வெயிலில் ஃபைகஸ் சீக்கிரம் பருக்கும், வாரம் ஒருமுறை பார்க்காவிட்டால் பட்டையில் தழும்பு விழும்.

செடியைத் தொட்டியோடு கட்டினார்களா? காற்றில் ஆடினால் புது வேர்நுனி அறுந்துகொண்டே இருக்கும்.

மாடிச்செடி:
கட்டவில்லை. பட்டை பச்சையாக இருக்கிறது, பாலும் வருகிறது. ஆனால் அடி ஓட்டையில் அழுகல் வாடை.

இச்சிமரம்:
வாடை வந்துவிட்டதென்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள், இன்றே எடுங்கள். சேற்றை நீரில் அலசி, கறுத்துக் குழைந்த வேரை மட்டும் நறுக்குங்கள். கெட்டியான வேர் ஒன்றைக்கூடத் தொட வேண்டாம். மேலே சொன்ன செங்கல் கலவையில் வைத்து, வடிகால் ஓட்டை வழியே கம்பி விட்டு வேரடியை இறுக்கிக் கட்டுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும். துளிர் தெரிந்ததும் பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்.