தேக்குதொட்டியும் இரண்டு மதகும்: மோட்டார்ஹோம் கழிப்பறைக்குச் சொற்கள்

மடல் 1

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

வட அமெரிக்க மோட்டார்ஹோம்களில் பழைய கழிப்பறையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது எப்படி என்று ஒரு செயல்முறைக் குறிப்பு எழுதிவருகிறேன். வண்டியின் பெயரை 'மோட்டார்ஹோம்' என்றே வைத்துக்கொண்டேன். 'கேரவன்' என்று எழுதினால் தமிழ்நாட்டில் படப்பிடிப்புக்கு வரும் வண்டிதான் மனதில் வரும். உள்ளே இருக்கும் பொருள்களுக்குத்தான் சொல் வேண்டும்.

கழிப்பறை என்பது அறை. 'கழிப்பறையின் உயரம் 18 அங்குலம்' என்று எழுத முடியாது. கோப்பையும் பீடமும் சேர்ந்து ஒரே பொருளாகக் கடையில் கிடைப்பதற்குக் 'கழிகலன்' என்று வைத்திருக்கிறேன். அதன் நேர் கீழே, தரைக்கடியில் இருக்கும் 'பிளாக் டேங்க்' என்பதைக் 'கழிவுநீர்த் தொட்டி' என்று எழுதினேன். கோப்பையின் அடியில், மிதியை அழுத்தினால் விலகும் 'பிளேடு' இருக்கிறது. அதைக் கத்தி என்று எழுத மனம் வரவில்லை. வரைவிலிருந்து ஒரு பத்தி:

"வாங்கும் முன் மூன்று அளவு எடுங்கள். பின்சுவரிலிருந்து தரைத்துளையின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். பல கலன்களுக்கு இது 11 அங்குலத்தை ஒட்டி வேண்டும். அடுத்து, உட்காரும் உயரம். உயரக் கலன் 17 முதல் 18 அங்குலம், தாழ்ந்த கலன் 13 முதல் 14 அங்குலம். சக்கர வளைவின் மேலோ மேடையின் மேலோ கலன் நின்றால் தாழ்ந்ததுதான் சரி. உயரமானதை வைத்தால் கால் தரையில் படாது. கடைசியாக, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் வருகிறது என்பது. கதவு முழுதாகத் திறக்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள்."

திருத்துங்கள்.

மடல் 2

வணக்கம் ஐயா.

'கழிகலன்' நல்ல சொல். நாங்கள் மலசலகூடம் என்று சொல்வதும் அறையைத்தான். ஆகையால் இலங்கை வாசகருக்கும் இது குழப்பம் தராது. தொட்டி என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. எங்களுக்குத் தொட்டி என்றால் மேலே திறந்திருப்பது, மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது. மூடிய கலம் 'தாங்கி'. தண்ணீர்த் தாங்கி என்றுதான் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் வரும். 'மலசலத் தாங்கி' என்று வைத்தால் என்ன?

நிறத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். வண்டியின் அளவுகாட்டிப் பலகையில் 'பிளாக்', 'கிரே', 'ஃபிரெஷ்' என்றுதான் அச்சிட்டிருக்கும். குளியல், பாத்திரம் கழுவும் நீர் போவது கிரே; நல்ல தண்ணீர் இருப்பது ஃபிரெஷ். முதல் தடவை சொல்லும்போது அச்சுச்சொல்லையும் தமிழ் எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள்; ஆள் தவறான பொத்தானைப் பார்க்கக் கூடாது.

மடல் 3

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம்.

> 'மலசலத் தாங்கி' என்று வைத்தால் என்ன?

தமிழ்நாட்டுப் பட்டறையில் தாங்கி என்றால் பேரிங். பாடநூலிலும் 'பந்துத் தாங்கி' உண்டு. ஒரு வண்டியைப் பற்றிய குறிப்பில் 'தாங்கியைச் சோதியுங்கள்' என்று வந்தால் எங்கள் ஆள் சக்கரத்தைக் கழற்றுவார்.

என் கவலை தொட்டியா தாங்கியா என்பதல்ல, அதற்கு முன்னால் வரும் அடையில்தான். 'கழிவுநீர்த் தொட்டி' என்றதும் வாசகர் வீட்டு செப்டிக் டேங்கை நினைப்பார். இரண்டும் வேறு. செப்டிக் டேங்கில் கழிவு தங்கி, மக்கி, தெளிநீர் தானாக வழிந்து போகும். வண்டித் தொட்டி வெறுமனே பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். திறந்துவிடும்வரை ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது.

செப்டிக் என்று நினைப்பவர் செய்யும் தவறு இது: முகாமில் கழிவுக் குழாயை இணைத்ததும் வெளி வால்வைத் திறந்தே விட்டுவிடுவார். நீர் உடனுக்குடன் ஓடிவிடும். கெட்டியும் காகிதமும் கலனின் நேர் கீழே படிந்து, காய்ந்து, கூம்பாக எழும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கூம்பின் உச்சி கரையும், அடி கரையாது. ஆகவே வெளி வால்வு எப்போதும் மூடியிருக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு மொத்தமாகத் திறந்தால் நீரின் வேகமே கெட்டியை இழுத்துப் போகும். மூடியபின் நாலைந்து லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டு அடியை நனைத்து வைக்க வேண்டும்.

பெயரே இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 'தேக்குதொட்டி' என்று வையுங்கள். தேக்கிய, தேக்குகிற, தேக்கும் தொட்டி, வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. நடுவே 'த்' போட்டு 'தேக்குத்தொட்டி' என்று எழுதினால் தேக்குமரத்தில் செய்த தொட்டி ஆகிவிடும். மெய்ப்பு பார்ப்பவர் தவறாமல் ஒற்றுப் போடுவார், முன்னுரையிலேயே எச்சரித்துவிடுங்கள்.

மடல் 4

தேக்குதொட்டிக்கு நானும் உடன்படுகிறேன். மாட்டுத் தொட்டியை மறந்துவிடுகிறேன்.

தேக்கம் என்று வந்துவிட்டதால் பிளேடுக்கும் குளத்திலேயே சொல் இருக்கிறது. மடை, மதகு இரண்டில் ஒன்று. மடையை நான் எடுக்க மாட்டேன். எங்கள் ஊர்களில் அம்மனுக்கு மடை வைப்பது படையல், அந்தச் சொல்லைக் கழிகலனுக்குக் கொண்டுபோகக் கூடாது. மதகு பொருந்தும். விலகித் திறக்கும், திரும்பி வந்து மூடும், மூடினால் மேலே நீர் நிற்கும்.

உள்ளமைப்பு மாறினாலும் சொல் நிற்கும். தெட்ஃபோர்ட் நிறுவனத்தின் அக்வா மேஜிக் கலன்களில் தட்டையான தகடு பக்கவாட்டில் நழுவும்: தட்டு மதகு. டொமெட்டிக் நிறுவனத்தின் 300, 310 கலன்களில் அரைப்பந்து போன்ற மூடி சுழலும்: பந்து மதகு. தொட்டியின் வெளிவாயில் கைப்பிடியை இழுத்துத் திறக்கும் 3 அங்குல வால்வும் மதகுதான். உள்ளே கோப்பை மதகு, வெளியே இழுமதகு. நடுவில் தேக்குதொட்டி. இரண்டு மதகும் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டால், கூம்பு எழுவதையும் கழிவுக் குழாயின் நாற்றம் உள்ளே வருவதையும் சேர்த்தே தடுக்கலாம்.

மடல் 5

இரண்டு மதகு, நடுவில் தேக்கம். இனி குறிப்பு முழுவதையும் இந்தப் படத்தின்மேல் எழுதுகிறேன். நன்றி அம்மா.

ஐரோப்பிய வண்டிகளில் வரும் கேசட் வகைக்கும் ஒரு சொல் வேண்டும். கலனுக்கு அடியில் ஏறத்தாழ 18 லிட்டர் பெட்டி. வண்டியின் வெளிச்சுவரில் உள்ள சிறுகதவு வழியே உருவி, கையால் கொண்டுபோய்க் கொட்டுவது. 'எடுப்புக் கழிகலன்' என்று எழுதியிருந்தேன். சுருக்கமாக இருக்கிறது.

மடல் 6

ஐயா, 'எடுப்பு' வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

எடுப்புக் கக்கூஸ் என்ற சொல் தமிழ்நாட்டில் இன்னும் வலியோடுதான் ஒலிக்கிறது. ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட வேலையின் பெயர் அது. 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வந்து தடை செய்த வேலை. தன் பெட்டியைத் தானே கொட்டிக் கழுவும் ஒரு பயண ஏற்பாட்டுக்கு அந்தப் பெயரை வைப்பது, சுமந்தவர்களின் வரலாற்றை மழுப்பிவிடும். 'உருவுபெட்டிக் கழிகலன்' என்று வையுங்கள். நீங்களே 'உருவி' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

அதோடு ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். சிறுகதவு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதைப் பொறுத்துச் சில மாதிரிகளில் கலனும் பெட்டியும் வேறுபடும். மாதிரி எண் பார்க்காமல் பெட்டி வாங்கக் கூடாது. நிறைந்த பெட்டி 20 கிலோ கனக்கும், அதைத் தூக்க முடியாதவர் இந்த வகையை எடுக்காமல் இருப்பது நல்லது. சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர்வகைக்குப் 'பிரிகலன்' போதும். திருச்சி மாவட்டம் முசிறியில் கட்டிய ஈகோசான் (கழிவைப் பிரித்து உரமாக்கும்) கழிப்பறைகளில் நடப்பதும் இதே பிரிப்புதான்.

தரைத்துளையின் வாயில் கலனைப் பிடித்து நிறுத்தும் விளிம்புக்குப் 'பிளாஞ்சு' என்ற சொல்லே இருக்கட்டும். பிளம்பர், ஃபிட்டர் எல்லோர் வாயிலும் உள்ள சொல் அது. 'விளிம்புத்தட்டு' என்று கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துத் தர மாட்டார்கள்.

மடல் 7

'உருவுபெட்டி' ஏற்கிறேன். 'எடுப்பு' என்று எழுதியது என் பிழை, நீக்கிவிட்டேன்.

பொருத்தும் பகுதி, புதிய சொற்களோடு:

"தேக்குதொட்டியைக் காலி செய்து, அலசி, இழுமதகை மூடுங்கள். பம்பை நிறுத்தி, வெளித் தண்ணீர் இணைப்பையும் மூடியபின் மிதியை அழுத்திக் குழாயில் மிச்சமுள்ள அழுத்தத்தை விடுங்கள். கலனின் பின்னால் உள்ள அரை அங்குல இணைப்பைக் கழற்றும்போது அடியில் துணி வையுங்கள். பீடத்தின் இரு நட்டுகளையும் எடுத்துவிட்டுக் கலனை நேராக மேலே தூக்குங்கள். துளையை உடனே பழந்துணியால் அடையுங்கள். வாயு வராது, ஸ்பேனரும் உள்ளே விழாது.

கலனுக்கும் பிளாஞ்சுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் பழைய வளையத்தைச் சுரண்டி எடுங்கள். சுற்றிலும் தரைப்பலகையை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். முனை இறங்கினால் பலகை உளுத்திருக்கிறது. அதைச் சீர்செய்யாமல் கலனை வைத்தால் ஆட்டத்தில் புதிய வளையமும் கசியும். பிளாஞ்சில் விரிசல் இருந்தால் மாற்றுங்கள். அதன் மேல்முகம், விரிப்பெல்லாம் போட்டு முடித்த தரையிலிருந்து கால் அங்குலத்துக்குக் குறையாமல், 7/16 அங்குலத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாழ்ந்தால் வளையம் நெரிபடாது; உயர்ந்தால் பீடம் தரையில் உட்காராது.

வீட்டில் போடும் மெழுகு வளையம் வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியில் மெழுகு இளகும், ஓட்டத்தில் நகரும். ரப்பர் வளையம் போடுங்கள். தமிழ்நாட்டு வழக்கப்படி வெள்ளைச் சிமென்ட் பூசி நிறுத்தவும் கூடாது. நட்டுகளை இடம் வலமாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பீங்கான் சத்தமின்றி விரிசல் விடும். கலன் ஆடாமல் நின்றதும் நிறுத்துங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள்."

மடல் 8

நன்றாக வந்திருக்கிறது ஐயா. இரண்டு சேர்க்கை.

கோப்பை மதகின் ரப்பர் வளையத்துக்கு வாசலின் தடவச் சொல்லிச் சிலர் எழுதுகிறார்கள். அது ரப்பரை ஊதவைக்கும், சிலிக்கோன் மசகுதான் பூச வேண்டும். கனடா மாதிரி இடங்களில் பனிக்காலத்துக்கு முன் கலனின் தண்ணீர் வால்வை வடித்து, இளஞ்சிவப்பு உறைதடுப்பி விட வேண்டும். விடாவிட்டால் வால்வு வெடிக்கும். தண்ணீரைத் திறக்கும் வசந்தகாலத்தில்தான் தெரியவரும்.

அடுத்தது, எல்லாவற்றுக்கும் 'வாசர்' என்றே எழுதியிருந்தால் பிரித்துவிடுங்கள். கோப்பையில் தண்ணீர் நிரப்பி இரவு விட்டு, காலையில் குறைந்திருந்தால் கோப்பை மதகின் வளையத்தில் குப்பையோ தேய்மானமோ இருக்கிறது. மிதியை அழுத்தும்போது மட்டும் பீடத்தின் ஓரம் நனைந்தால் பிளாஞ்சின் மேலுள்ள வளையம். பம்பு ஓடும்போதெல்லாம் பின்பக்கம் ஈரமென்றால் தண்ணீர் இணைப்பு அல்லது வால்வு. மூன்று கசிவுக்கும் ஒரே பெயர் போட்டால் கடைக்குப் போகிறவர் தவறான பாகத்தை வாங்கி வருவார். மதகு வளையம், பீட வளையம், இணைப்பு வாசர்: இப்படி மூன்று பெயராக வையுங்கள்.