மகள் அமெரிக்காவில் சின்னக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள். செயின்ட் பால் மெக்கலெஸ்டர் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ராஜபாளையம் மீனாட்சி

வணக்கம். என் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு. பத்து வரை தமிழ்வழி, இப்போது ஆங்கிலவழி. கணக்கு நன்றாக வரும். நிறையப் படிப்பாள், ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள். அவள் அப்பா நூற்பாலையில் சூப்பர்வைசர், நான் வீட்டில் தையல். இரண்டு பேர் வருமானமும் சேர்ந்தால் மாதம் நாற்பதாயிரம் வரும்.

பள்ளி நூலகத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானைப் பற்றி ஏதோ படித்திருக்கிறாள். அவர் படித்த கல்லூரி என்று மெக்கலெஸ்டர் பெயரைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக அதே பேச்சு. ஆண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல் என்று பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது. மதுரையில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். "ஆர்ட்ஸ் படிக்கவா அமெரிக்கா? வேறு யுனிவர்சிட்டி இருக்கு, லோன் போட்டுத் தர்றோம்" என்று சொல்லி ஐம்பதாயிரம் முன்பணம் கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

மொத்தமே இரண்டாயிரம் பிள்ளைகள்தான் என்கிறார்களே, அது நல்ல கல்லூரிதானா? பணமில்லாத வீட்டுப் பிள்ளை அங்கே சேர வழி உண்டா? பேசாத பெண் அங்கே போய் என்ன செய்வாள்? நகரத்துக்குள் இருப்பதால் பாதுகாப்பு எப்படி? யாராவது அங்கே படித்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

சிவகாசிப் பெண்

அக்கா, நான் அங்கேதான் படித்தேன், 2018 முதல் 2022 வரை. அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை. உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா இதே கேள்விகளைக் கேட்டது ஞாபகம் வந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கல்லூரி நல்ல கல்லூரி. 1874ல் தொடங்கியது. மாணவர்கள் சுமார் 2,100 பேர். நான் படித்தபோது முதுகலை வகுப்புகளே கிடையாது, அதனால் பேராசிரியரின் நேரம் முழுக்க இளங்கலைப் பிள்ளைகளுக்குத்தான். "ஆர்ட்ஸ்" என்ற சொல்லைக் கேட்டு நம் ஊரில் நினைப்பது வேறு. அங்கே கணக்கு, இயற்பியல், கணினி அறிவியல், பொருளாதாரம், புவியியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். இரண்டாம் ஆண்டு முடியும்போது முதன்மைப் பாடத்தைச் சொன்னால் போதும். நான் கணினி படிக்கப் போனவள். நகரங்களைப் பற்றிய ஒரு புவியியல் வகுப்பில் தற்செயலாக உட்கார்ந்து, கடைசியில் இரண்டையும் சேர்த்துப் படித்து முடித்தேன். இப்போது பேருந்துத் தடங்கள் திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். அந்த ஒரு வகுப்பு இல்லாவிட்டால் இந்த வேலை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

இனி பணம். அந்த 80,000 டாலரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஆனால் அதை லேசாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு மாணவருக்கும், வெளிநாட்டு மாணவர் உட்பட, குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் கல்லூரியே ஈடுகட்டும் என்பது அவர்களுடைய கொள்கை. உதவித்தொகை, வளாக வேலை, சில சமயம் ஒரு சிறு கடன் எல்லாம் சேர்ந்து அந்தத் தொகை வரும். இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒரு மாணவருக்கு எவ்வளவு தேவை என்பதையும் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். நிறைய உதவி கேட்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டி மிகக் கடுமை. அதற்காகத் தேவையைக் குறைத்து எழுதினால் இடம் கிடைத்த பிறகு கட்ட முடியாமல் நிற்க வேண்டிவரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அதற்கான படிவத்தின் பெயர் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல். சம்பளம், வீடு, நிலம், சேமிப்பு, கடன் எல்லாம் கேட்கும். நகைக்கடனையும் குழுக்கடனையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் அப்பாவுக்குச் சம்பளச் சீட்டே கிடையாது. அச்சக முதலாளி லெட்டர்ஹெட்டில் மாதச் சம்பளத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்பினோம். கூடுதலாக ஒரு கேள்வியும் வரவில்லை.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் கொடுப்பதில்லை. இதை நம் வீடுகளில் புரியவைப்பதுதான் கஷ்டம். 9 முதல் 12 வரை நான்கு ஆண்டு மதிப்பெண்ணும் பார்ப்பார்கள். எஸ்ஏடி என்கிற நுழைவுத் தேர்வு 2020க்குப் பிறகு கட்டாயமில்லை. ஆங்கிலத் தேர்வுக்கு டோஃபல், ஐஇஎல்டிஎஸ் அல்லது செலவு குறைவான டுவோலிங்கோ. இவற்றுக்கு மேல் 650 சொல்லுக்குள் ஒரு கட்டுரை, ஆசிரியர் கடிதம்.

அந்தக் கடிதக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் இயற்பியல் சாரிடம் கேட்டேன். மறுநாளே கையில் கொடுத்தார். நடத்தைச் சான்றிதழில் வரும் அதே இரண்டு வரி, கீழே முத்திரை. அவரைக் குறை சொல்ல முடியாது, நம் பள்ளிகளில் கடிதம் என்றால் அதுதான். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அவர் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது, "சார், என்னைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரு விஷயம் சொல்லுங்க" என்றேன். பூட்டைக் கையில் வைத்தபடியே யோசித்தார். "ஊசல் சோதனையில எல்லாரும் புத்தகத்துல இருக்கிற விடைய எழுதிட்டுப் போயிட்டாங்க. நீ மட்டும் தப்பா வந்த அளவை அப்படியே எழுதி, ஏன் தப்பா வந்துச்சுன்னு அரைமணி நேரம் நூலை அளந்துகிட்டு இருந்த" என்றார். எனக்கே மறந்துபோன விஷயம். "சார், அதை எழுதுங்க சார்" என்றேன். தமிழில் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு பேருமாக எழுதினோம். என் விண்ணப்பத்தில் என்னை அடையாளம் காட்டியது அந்தப் பத்திதான் என்று இன்றுவரை நம்புகிறேன். கன்சல்டன்சிக்கு ஐம்பதாயிரம் கொடுத்தாலும் அதை அவர்களால் எழுத முடியாது.

உங்கள் மகள் பேசமாட்டாள் என்றீர்கள். நானும் அப்படித்தான். முதல் பருவத்தில் எல்லாருக்கும் முதலாண்டு வகுப்பு என்று ஒன்று உண்டு. பதினாறு பேர் அளவில் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம், அதை நடத்துபவரே நமக்கு ஆலோசகர். மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. வகுப்பில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு, தெரியும், ஆனாலும் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. அந்த அம்மா என்னை அறைக்குக் கூப்பிட்டு, "பதில் சொல்ல வேண்டாம். அடுத்த வகுப்புக்கு ஒரு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு வா, அதைப் படித்தால் போதும்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டு போனேன். படிக்கும்போது கை நடுங்கியது. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் இருபது நிமிடம் பேசினார்கள். எண்பது பேர் வகுப்பாக இருந்திருந்தால் நான்கு வருடமும் கடைசி பெஞ்சில் ஒளிந்தே முடித்திருப்பேன்.

குளிரை மறைக்கக் கூடாது. என் முதல் வருடம் 2019 ஜனவரி 30ஆம் தேதி பக்கத்து நகரமான மினியாபொலிஸில் மைனஸ் 33 டிகிரிக்குப் போனது. கண்ணிமை மயிரில் மூச்சுக்காற்றே பனியாகப் பிடிக்கும். கோஃபி அன்னான் 1959ல் கானாவிலிருந்து வந்தபோது, காதுமூடி அசிங்கமாக இருக்கிறது என்று போடாமல் திரிந்து, காது உறைந்துபோகிற நிலை வந்த பிறகுதான் வாங்கினாராம். உள்ளூர்க்காரரை விடத் தனக்கு அதிகம் தெரியும் என்று நினைக்கக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டதாக அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார். மகளிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வாள். கோட்டும் பூட்ஸும் இங்கே வாங்கி அனுப்பாதீர்கள். நம் ஊர்க் கம்பளி அங்கே தாங்காது.

வளாகத்தில் ஐக்கிய நாடுகள் கொடி 1950 முதல் பறக்கிறது. பட்டமளிப்புக்கு ஸ்காட்லாந்து ஊதுகருவியான பேக்பைப் வாசிப்பார்கள். முதல் இரண்டு ஆண்டு விடுதியில் தங்குவது கட்டாயம், சாப்பாடு கஃபே மேக்கில். சோறு கிடைக்கும், நம் சோறு கிடைக்காது.

ஆனால் வாசலைத் தாண்டினால் நகரம். ஸ்னெல்லிங் சாலையில் ஏ லைன் பேருந்து, கிராண்ட் சாலையில் 63. ஏ லைனில் பத்து நிமிடம் போனால் க்ரீன் லைன் ரயில், அதில் செயின்ட் பால், மினியாபொலிஸ் இரண்டு நகரங்களின் மையத்துக்கும் போகலாம். முதல் கோடையில் கூடப் படித்த ஹ்மாங் தோழி ஒருத்தி என்னைக் கோமோ சாலையில் இருக்கும் ஹ்மாங்டவுன் சந்தைக்குக் கூட்டிப்போனாள். லாவோஸ் போருக்குப் பிறகு அகதிகளாக வந்த குடும்பங்கள் நடத்தும் சந்தை. உள்ளே நுழைந்ததும் பச்சைமிளகாய் வாசனை. ஒரு பாட்டி பாகற்காயையும் நீளத் தட்டாங்காயையும் கட்டுக்கட்டாக வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மாதம் கழித்துத் தட்டாங்காயைத் தொட்டேன். அந்தப் பாட்டி கேட்ட விலையைக் கொடுத்து, விடுதிப் பொது அடுப்பில் தேங்காய் இல்லாமலே பொரியல் வைத்தோம். ஊருக்கு ஒதுக்குப்புறமான கல்லூரியில் இது நடக்காது.

பாதுகாப்பு பற்றி நேராகச் சொல்கிறேன். 2020 மே 25ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்றபோது நான் அங்கேதான் இருந்தேன். மூன்று நாள் கழித்து யுனிவர்சிட்டி அவென்யூவில், எங்கள் கல்லூரியிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், கடைகள் எரிந்தன. ஜன்னலைச் சாத்தினாலும் புகை வந்தது. அம்மா போனில் அழுதாள். அடுத்தடுத்த நாட்களில் அக்கம்பக்கத்து ஜனங்கள் துடைப்பமும் வாளியுமாகத் தெருவுக்கு வந்தார்கள், நாங்களும் போனோம். கண்ணாடிச் சில்லு கூட்டும் சத்தம் தெரு முழுக்க. மற்றபடி அந்தக் கல்லூரிப் பக்கம் மரங்கள் நிறைந்த அமைதியான குடியிருப்பு. இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறேன். நகரத்தில் இருந்தால் நகரத்துக்கு வருவது நமக்கும் வரும். அதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

ஒரு கணக்கு வாத்தியார், தேனி

சகோதரிக்கு, பள்ளித் தரப்பிலிருந்து இரண்டு விஷயம். பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் தனித்தனியாக மின்னஞ்சலில் இணைப்பு வரும். பள்ளிப் பெயரில் மின்னஞ்சல் முகவரி இருந்தால் நல்லது. பல பள்ளிகளில் இருக்கும், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இப்போதே கேட்டு வையுங்கள். "கவுன்சிலர்" என்ற இடத்தில் தலைமையாசிரியர் கையெழுத்திடலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே மாதம்தான் வரும், விண்ணப்பமோ நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போயாக வேண்டும். அதனால் அரையாண்டு மதிப்பெண்ணையும் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணையும் பள்ளிதான் எழுதித் தர வேண்டும். இதற்கு எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார். ஆனால் கடைசி வாரத்தில் போய் நின்றால் பதறிவிடுவோம்.

மினசோட்டா முருகேசன்

இருபது வருடமாக மினியாபொலிஸ் புறநகரில் இருக்கிறேன். சிவகாசித் தங்கச்சி எழுதியது அத்தனையும் சரி. உதவித்தொகைக்குள் வராத செலவை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சீவிஸ் கட்டணம் 350 டாலர், வீசா கட்டணம், விமானச் சீட்டு. இவை கைக்காசு. சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வீசா நேர்காணலின்போது, கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தோடு உதவிக் கடிதமும் கையில் இருக்க வேண்டும். எதற்கு இந்தக் கல்லூரி, முடித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்பதைப் பிள்ளையே சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், மனப்பாடம் வேண்டாம்.

படிக்கும்போது வளாகத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். முடித்தபின் ஓராண்டு வேலை அனுமதி, அறிவியல், கணினிப் பாடம் என்றால் மேலும் இரண்டாண்டு. அதற்குப் பிறகு எச்1பி என்கிற வேலை வீசா கிடைப்பது குலுக்கல். அதை நம்பிக் கடன் வாங்கி யாரும் வர வேண்டாம். மேப்பிள் க்ரோவில் பெரிய கோயில் இருக்கிறது, தூரம்தான். பொங்கலுக்குப் பிள்ளையைக் கூட்டிவர எங்கள் வீட்டு வண்டி உண்டு.

ராஜபாளையம் மீனாட்சி

எல்லாருக்கும் நன்றி. இரவு மூன்று பேருமாக உட்கார்ந்து படித்தோம். அவள் அப்பா தட்டாங்காய் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார். ஒரு சந்தேகம். "எர்லி டிசிஷன்" போட்டால் இடம் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே, போடலாமா?

சிவகாசிப் பெண்

அக்கா, அது ஒரே கல்லூரிக்குக் கொடுக்கும் வாக்கு. இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுவிட்டு அங்கேயே சேர வேண்டும். உதவித்தொகை போதாது என்றால் மட்டும் விலகிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் கல்லூரித் தளத்திலேயே, நம் குடும்பம் எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று கணக்குப் போடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறதா, வெளிநாட்டு மாணவருக்குப் பொருந்துமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் அட்மிஷன் அலுவலகத்துக்கு மகளையே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். பதில் போடுவார்கள். மனதுக்குப் பிடித்தது இந்த ஒன்றுதான் என்றால் போடுங்கள். கூடவே உள்ளூரில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் தயாராக இருக்கட்டும், நானும் அப்படித்தான் மதுரையில் ஒன்று வைத்திருந்தேன்.

கட்டுரையின் முதல் வரைவை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். திருத்தித் தரமாட்டேன், கேள்வி கேட்பேன். கோஃபி அன்னானைப் பற்றி எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது அவள் பக்கத்தில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எழுதட்டும்.